கக்கியதும் கணக்கும்

1723ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதி. ஹாலந்தின் கடற்படைத் தளபதி பாரன் யான் வான் வாசெனார் நல்ல சாப்பாட்டுக்காரர். விருந்தில் உட்கார்ந்துவிட்டால் அளவு பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அதற்குப் பரிகாரமும் கைவசம் இருந்தது. வயிறு கனத்தால் வாந்தி மருந்து: இபிகாக் என்ற வேர், அதோடு ஒரு முட்செடியின் கஷாயம். கக்கிவிட்டால் உடம்பு லேசாகிவிடும். அன்றைய ஐரோப்பியப் பிரபுக்கள் வீட்டில் இது நாம் இஞ்சிச் சாறு குடிப்பதைப் போன்ற சாதாரண சங்கதி.

அந்த இரவும் கஷாயம் குடித்தார். எதிர்பார்த்த அளவு வெளியே வரவில்லை. மேலும் குடித்து, வலிந்து ஓங்கரித்தார். திடீரென அலறினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஏதோ கிழிந்துவிட்டது என்றார். வலி முதுகுக்குப் பரவியது. லைடன் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் போர்ஹாவே அழைக்கப்பட்டார். அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் மாணவர்களை ஈர்த்த மருத்துவப் பேராசிரியர் அவர். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு நாள்கூடத் தாங்காமல் தளபதி இறந்துபோனார்.

பிரேதப் பரிசோதனையைப் போர்ஹாவேயே செய்தார். நெஞ்சறையைத் திறந்ததும் வறுத்த வாத்தின் வாசனை வந்ததாக எழுதியிருக்கிறார். தளபதி கடைசியாகச் சாப்பிட்டவற்றில் வாத்தும் ஒன்று. இரைப்பையில் இருக்க வேண்டிய உணவு நுரையீரலைச் சுற்றிக் கிடந்தது. உதரவிதானத்துக்குச் சற்று மேலே உணவுக்குழாய் அறுந்திருந்தது. மறு ஆண்டே போர்ஹாவே இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். என்ன சாப்பிட்டார், எத்தனை கோப்பை குடித்தார், எப்போது வலி வந்தது என்று ஒன்று விடாமல் குறித்திருக்கிறார். இன்றும் அந்த நோய்க்குப் போர்ஹாவே பெயர்தான். அப்படிக் கிழிந்த உணவுக்குழாயைத் தைத்து ஒருவரை முதன்முதலாகப் பிழைக்க வைத்தவர் லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பேரட். ஆண்டு 1947.

வாந்தி எடுக்க வைப்பது எப்படி என்பதை மனிதர்கள் மிகப் பழைய காலத்திலேயே கற்றுக்கொண்டார்கள். வாந்தியோடு உடம்பிலிருந்து என்னென்ன போகிறது என்பதைக் கற்றுக்கொண்டது நேற்று மாதிரி. இடைப்பட்ட காலமெல்லாம் வைத்தியர்கள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்து, பித்தம் வந்துவிட்டது என்று திருப்திப்பட்டார்கள். நோயாளியிடம் மீதி என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் அநேகமாக யாரும் இல்லை.

ரோமர்கள் விருந்துக்கு நடுவே கக்குவதற்கென்றே 'வோமிட்டோரியம்' என்ற அறை கட்டியிருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அது கதைதான். வோமிட்டோரியம் என்பது அரங்கத்திலிருந்து கூட்டம் வெளியே கொட்டுகிற வாசலுக்குப் பெயர். கக்குவது வழக்கமாக இருந்ததற்கு அந்த அறையின் சாட்சி தேவையில்லை. கிரேக்க வைத்தியம், ஆயுர்வேதம், சித்த வைத்தியம் எல்லாவற்றிலும் வாந்தி ஒரு சிகிச்சை. ஆயுர்வேதத்தின் பஞ்சகர்மத்தில் வமனம் எனப்படும் வாந்தியும் ஒன்று. சித்த மருத்துவத்தின் நோயணுகா விதிகள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து என்று தவணை சொல்கின்றன. தவணை வைத்ததிலேயே ஒரு எச்சரிக்கை இருப்பதைக் கவனிக்கலாம். அடிக்கடி செய்கிற காரியம் அல்ல அது. தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் வளரும் மருக்காரையின் காய் இதற்குப் பேர்போனது. ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பெயரே 'வாந்திக்காய்' என்ற பொருளில்தான்.

ஐரோப்பாவில் இந்தத் தவணையெல்லாம் கிடையாது. அங்கே கோலோச்சியது ஆண்டிமனி என்ற உலோகம். அதில் செய்த கோப்பையில் இரவு முழுக்க ஒயின் ஊற்றி வைத்து, காலையில் குடித்தால் குடல் மேலே வருகிற மாதிரி வாந்தி வரும். ஆண்டிமனி உருண்டை என்று இன்னொன்று. விழுங்கினால் வயிற்றைக் கழுவிக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்துவிடும். எடுத்துக் கழுவி வைத்தால் அடுத்தவருக்கு ஆகும். குடும்பச் சொத்தாக அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போன உருண்டைகள் இருந்தன. பாரிஸ் மருத்துவர் சங்கம் 1566இல் ஆண்டிமனியை விஷம் என்று தடை செய்தது. நூறு வருடம் சண்டை. 1658இல் காய்ச்சலில் கிடந்த பதினான்காம் லூயி மன்னருக்கு ஆண்டிமனி ஒயின் கொடுத்தார்கள், அவர் எழுந்துவிட்டார். அதற்குமேல் விஷம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? 1666இல் தடை நீங்கியது.

தளபதி குடித்த இபிகாக், பிரேசில் காட்டிலிருந்து வந்த வேர். பாரிஸில் அதை ரகசிய மருந்தாக விற்றுக்கொண்டிருந்தவர் ஹெல்வெட்டியஸ் என்ற இளம் மருத்துவர். 1688இல் அதே லூயி மன்னர் 1000 தங்க நாணயம் கொடுத்து ரகசியத்தை வாங்கி ஊரறியச் செய்தார். அதன்பின் கப்பல் கப்பலாக அந்த வேர் உலகைச் சுற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருந்துப் பெட்டிகளிலும் ஏறி மெட்ராஸ் வந்தது.

மெட்ராஸ் பக்கம் அந்த வேரைச் சுற்றி ஒரு சுவையான சம்பவம் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு படை முகாமில் சீதபேதி பரவியது. இபிகாக் கையிருப்பு முழுதும் தீர்ந்துபோயிற்று. மெட்ராஸின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் பார்த்தார்: நாட்டு வைத்தியர்கள் ஏதோ ஒரு கொடியின் வேரைக் கொடுக்கிறார்கள், அவருடைய நோயாளிகளைவிட அவர்களுடைய நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள். கூச்சப்படாமல் அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார், வேரைச் சேகரித்து மெட்ராஸுக்கு மூட்டை கட்டி அனுப்பினார். அந்தக் கொடி நஞ்சறுப்பான். தாவரவியலாளர் ராக்ஸ்பரோவும் சோழமண்டலக் கரையில் தாமே பலமுறை அதை இபிகாக்குக்குப் பதிலாகக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். 1868இல் வெளிவந்த இந்திய மருந்துத் தொகுப்பில் அதன் இலை அதிகாரபூர்வ மருந்தாகவே இடம்பெற்றது. அந்த நாட்டு வைத்தியர்களின் பெயர்கள் மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை.

வாந்தி எப்படி வருகிறது என்பதே ரொம்ப காலம் தவறாகத்தான் புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. இரைப்பை தானே சுருங்கி மேலே தள்ளுகிறது என்று நினைத்தார்கள். 1813இல் பிரெஞ்சு உடலியலாளர் மஜந்தி ஒரு நாயின் இரைப்பையை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்துத் தைத்தார். ரத்தக்குழாயில் ஆண்டிமனி மருந்தைச் செலுத்தினார். வாந்தி வந்தது. இன்று யாரும் அனுமதிக்காத கொடூரச் சோதனைதான். ஆனால் விடை தெளிவாகக் கிடைத்தது. உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் இரண்டு பக்கமும் நசுக்க, நடுவில் மாட்டிக்கொண்ட வெறும் பைதான் இரைப்பை. மருந்து வயிற்றுக்குள் போகாமலே வாந்தி வந்ததால், ஆணை வேறெங்கிருந்தோ வருகிறது என்பதும் தெரிந்தது. அந்த இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது என்பதை உறுதிசெய்ய 1950கள் ஆயின. 1817இல் வேதியியலாளர் பெல்லத்தியேவுடன் சேர்ந்து இபிகாக் வேரிலிருந்து எமெட்டின் என்ற சாரத்தைப் பிரித்தவரும் இதே மஜந்திதான்.

தளபதியின் குழாய் ஏன் அறுந்தது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. உணவுக்குழாயின் மேல்வாசல் சரியாகத் திறக்காதபோது கீழேயிருந்து இரண்டு தசைக் கூட்டங்கள் நசுக்கினால், அழுத்தம் முழுதும் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் இறங்கும். முழுவதுமாக அறுவது அபூர்வம். உட்சவ்வு மட்டும் கீறுவது அதிகம். 1929இல் பாஸ்டனில் மாலரி, வைஸ் என்ற இரு மருத்துவர்கள், குடித்துக் குடித்து வாந்தி எடுத்து, பின்னர் ரத்தம் கக்கிய 15 பேரைப் பற்றி எழுதினார்கள். முதலில் வெறும் வாந்தி, பிறகு ரத்தம் என்ற வரிசைதான் அதன் அடையாளம். இன்றைக்கும் ரத்தம் கக்கி வருபவரிடம் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் கேட்கிற கேள்விகளில் ஒன்று அந்த வரிசையைப் பற்றியது.

கிழிசல் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இழப்பைக் கண்டுபிடிக்கத்தான் பாடு.

முதல் துப்பு 1823இல் கிடைத்தது. இரைப்பையில் இருக்கும் புளிப்பு ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் பிரவுட் ராயல் சொசைட்டியில் அறிவித்தார். சாப்பாட்டு உப்பில் பாதியாக இருக்கிற குளோரின்தான் வயிற்றில் அமிலமாக உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் வாந்தி எடுக்கிறவர் உப்பைக் கக்குகிறார். இந்த முடிவை அன்று யாரும் எடுக்கவில்லை.

எட்டு ஆண்டு கழித்துக் காலரா இங்கிலாந்துக்கு வந்தது. தமிழில் அதற்கு வைத்த பெயர் நோயை அப்படியே படம் பிடிக்கிறது: வாந்திபேதி. மேலும் கீழும் தண்ணீராய்ப் போய், கண் குழிந்து, விரல் நுனி சுருங்கி, சில மணி நேரத்தில் ஆள் காய்ந்துபோவார். அன்றைய மருத்துவர்கள் அவருக்கு என்ன செய்தார்கள்? ரத்தம் எடுத்தார்கள். பாதரச மருந்து கொடுத்தார்கள். வாந்தி எடுப்பவருக்கு மேலும் வாந்தி எடுக்கக் கடுகு, உப்பு, ஆண்டிமனி கொடுத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டவர்களுக்குப் பல இடங்களில் தண்ணீர் மறுக்கப்பட்டது. கெட்டது வெளியே வந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது.

22 வயது வில்லியம் ஓஷாக்னஸி சண்டர்லாந்துக்குப் போய் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். அது தாரைப் போல் கெட்டியாக இருந்தது. நீரும் உப்பும் குறைந்திருந்தன. போனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். 1832 மே மாதம் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா அதைச் செய்து காட்டினார். நாடி நின்றுபோகிற நிலையில் இருந்த ஒரு வயதான பெண்ணின் ரத்தக்குழாயில் உப்பு நீரைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து பேசினார், முகத்தில் களை வந்தது. லாட்டா களைத்துப்போய் வீட்டுக்குப் போனார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின, யாரும் மறுபடி உப்பு நீர் ஏற்றவில்லை. ஐந்தாறு மணி நேரத்தில் அந்தப் பெண் இறந்தார். லாட்டாவும் மறு ஆண்டே போய்ச் சேர்ந்தார். ஓஷாக்னஸி கல்கத்தாவுக்குக் கப்பலேறி, கஞ்சாவை ஆராய்ந்து, கடைசியில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவர் என்று பெயர் வாங்கினார். உப்பு நீர் அறுபது, எழுபது வருடம் ஓரங்கட்டப்பட்டது. அதைக் கல்கத்தாவில் மறுபடி கையில் எடுத்தவர் லியோனர்ட் ராஜர்ஸ், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்.

ஆனால் பேதியும் வாந்தியும் ஒன்றல்ல. பேதியில் போவது காரம். வாந்தியில் போவது அமிலம். இரண்டும் நீரைக் கொண்டுபோகின்றன, ஆனால் உடம்பை எதிரெதிர்த் திசையில் சாய்க்கின்றன. வாரக்கணக்கில் வெறும் வாந்தி மட்டும் எடுப்பவருக்கு வருவது காலராக்காரருக்கு வருவதிலிருந்து மாறுபட்ட சங்கடம். அதை முதலில் கண்ணால் கண்டவர் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல். இரைப்பையின் கீழ்வாசல் அடைத்து, தின்றதெல்லாம் கக்குகிற நோயாளிகளுக்கு அவர் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். அவர்களில் சிலருக்குக் கை கால் விறைத்து இழுத்தது. 1869இல் எழுதிய கட்டுரையில், ரத்தம் உலர்ந்ததுதான் காரணம் என்றார். பாதி சரி.

மீதிப் பாதிக்கு அமெரிக்க ஆய்வகங்களில் நாய்கள் உயிர் கொடுத்தன. 1920இல் பால்டிமோரில் மக்காலம் குழுவினர் நாய்களின் இரைப்பைக் கீழ்வாசலை அடைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் குளோரைடு இறங்கியது, காரம் ஏறியது, கால்கள் இழுத்தன. 1923இல் கன்சாஸில் ஹேடன், ஆர் என்ற இருவர் குடலடைப்பைச் சோதித்தார்கள். குடலடைப்பில் ஆள் சாவது உள்ளே அழுகிய விஷம் ரத்தத்தில் கலப்பதால் என்பதுதான் அதுவரை பாடம். உப்பு நீர் பெற்ற நாய்கள் மற்றவற்றைவிடப் பல நாள் கூடுதலாக உயிரோடிருந்தன. வெறும் உப்பு நீர் எந்த விஷத்தையும் முறிக்காது. ஆகவே கொன்றது உள்ளே தங்கிய கெட்டதைவிட வெளியே போன நல்லது. இரண்டாயிரம் வருட வைத்தியத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த சோதனை என்று இதைச் சொல்லலாம். அதற்குரிய புகழ் அந்த இருவருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. 1925இல் கேம்பிளும் ராஸும் கணக்கை முழுமையாக்கினார்கள்.

கணக்கு இதுதான். ஆரோக்கியமான இரைப்பை ஒரு நாளில் ஏறக்குறைய 2 லிட்டர் சாறு சுரக்கிறது. சாதாரண நாளில் அது கீழே இறங்கி, குடலில் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். கொடுக்கல் வாங்கல் சரியாகிவிடும். வாந்தியில் அது திரும்பி வராது. அமிலம் போகப் போக ரத்தத்தில் பைகார்பனேட் என்ற காரம் மிஞ்சுகிறது. நுரையீரல் தன்னால் ஆனதைச் செய்கிறது: மூச்சை மெதுவாக்கி, கரியமில வாயுவைப் பிடித்து வைத்து, காரத்தைத் தணிக்கப் பார்க்கிறது. ரத்தம் காரமானால் அதில் தனித்து உலவும் கால்சியம் குறையும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல்களில் ஊசி குத்தல், கை குவிந்து இழுப்பது எல்லாம் அதனால்தான். குஸ்மவுல் பார்த்தது அதைத்தான்.

விசித்திரம் சிறுநீரகத்தில் இருக்கிறது. ரத்தத்தில் காரம் அதிகமென்றால் அதைச் சிறுநீரில் கொட்டிவிடுவதுதான் நியாயம். முதல் ஓரிரு நாள் அப்படித்தான் செய்கிறது. ஆனால் நீர் குறைந்து ரத்த அழுத்தம் விழத் தொடங்கியதும் அதன் கவலை மாறிவிடுகிறது. எப்பாடுபட்டாவது சோடியத்தையும் அதன் பின்னே நீரையும் காப்பாற்ற வேண்டும். சோடியத்தைத் திரும்ப எடுக்கக் குளோரைடு துணை வேண்டும். அது வாந்தியில் போய்விட்டது. அரிசி வாங்கக் காசில்லாத வீட்டில் நகை அடகுக்குப் போவதைப் போல, சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே கொடுத்துச் சோடியத்தை உள்ளே வாங்குகிறது. பொட்டாசியமும் தீரும்போது, ஏற்கெனவே பற்றாத அமிலத்தையே கொடுக்கிறது. ரத்தம் காரமாக இருக்க, சிறுநீர் அமிலமாக வருகிறது! நெடுநாள் வாந்தி எடுத்தவரின் பொட்டாசியத்தில் பெரும்பகுதி பாத்திரத்தில் இல்லை, சிறுநீரில் போயிருக்கிறது. கால் தசை தளர்வதும், குடல் அசையாமல் நிற்பதும், இதயத் துடிப்பு தாளம் தப்புவதும் அந்த அடகின் வட்டி.

இந்தக் கணக்கின் பலனை முதலில் அனுபவித்தவர்கள் கைக்குழந்தைகள். பிறந்து மூன்று, நான்கு வாரத்தில் சில குழந்தைகளுக்கு இரைப்பைக் கீழ்வாசல் தசை தடித்து அடைத்துக்கொள்ளும். குடித்த பால் பீய்ச்சி அடித்து வெளியே வரும், குழந்தை மறுபடி பசியோடு அழும். ஜெர்மனியின் ராம்ஸ்டெட் 1911, 1912 ஆண்டுகளில் அதற்கு எளிய அறுவை ஒன்றைக் கண்டுபிடித்தார்: தடித்த தசையை மட்டும் நீளவாக்கில் கீறிவிட்டால் போதும். அறுவை எளிது, ஆனால் காய்ந்துபோன குழந்தை அதைத் தாங்க வேண்டுமே. அதனால்தான் இன்று எந்த மருத்துவமனையிலும் அந்தக் குழந்தையை நேரே அறுவை அரங்குக்குக் கொண்டு ஓடுவதில்லை. முதலில் குளோரைடும் பொட்டாசியமும் ஏற்றி, ரத்தக் கணக்கு நேரான பிறகு, ஒரு நாள் தள்ளியானாலும் சரி, கத்தியை எடுக்கிறார்கள்.

வாய் வழியாகத் திருப்பிக் கொடுப்பதற்கு வாந்தியே தடையாக நின்றது. 1953இல் கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே காலராவில் வாந்தியை அடக்குவது பற்றியும் வாய் வழியே நீர் கொடுப்பது பற்றியும் சொல்லியிருந்தார். வாந்திக்கு ஒரு மாத்திரை, கூடவே கற்பூரவள்ளி இலைச் சாறு, பிறகு உப்பும் குளுக்கோசும் கலந்த நீர். நம் வீட்டுத் தொட்டியில் சளிக்கென்று வளர்கிற அதே செடி. மேலை உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்த பான்கான் முகாமில் திலீப் மகாலனாபிஸிடம் ஏற்றுவதற்கு உப்பு நீர்ப் புட்டி தீர்ந்துபோன பிறகுதான் டிரம்மில் கரைத்த உப்புச் சர்க்கரை நீர் தன்னை நிரூபித்தது. அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களில் இறந்தவர்கள் 3.6 சதவீதம், அதற்கு முன் அது 30 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வாந்தி எடுக்கிறார்களே என்று நிறுத்த வேண்டாம், சற்றுப் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள் என்பதைத் தாய்மார்களே கற்றுக்கொண்டு செய்தார்கள்.

நீர், உப்பு, அமிலம் மூன்றும் கணக்கில் வந்தாயிற்று. இன்னொன்று கணக்குக்கு வெளியே நின்றது.

1881இல் பெர்லினில் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவர் குடிகாரர்கள். மூன்றாமவர் 20 வயதுத் தையற்காரப் பெண். கந்தக அமிலம் குடித்ததால் இரைப்பை வாசல் சுருங்கி, தொடர்ந்து வாந்தி எடுத்தவர். மூவருக்கும் புத்தி தடுமாறியது, கண் அசைவு கெட்டது, நடை தள்ளாடியது. மூவரும் இறந்தார்கள். மூளையின் நடுப்பகுதியில் ஊசிமுனை ரத்தக் கசிவுகள். குடிகாரர்களுக்கும் குடிக்காத பெண்ணுக்கும் எது பொது? வெர்னிக்கேவால் சொல்ல முடியவில்லை. பொதுவானது பட்டினி, அதிலும் தயமின் என்கிற பி1 வைட்டமின் பட்டினி. உடம்பு அதை 30 மில்லிகிராம் அளவுக்குத்தான் சேமித்து வைக்கும். இரண்டு மூன்று வாரம் எதுவும் தங்காமல் கக்கினால் கையிருப்பு காலி.

அந்தத் தயமினின் கதையில் வாந்தி வேரும் குறுக்கே வருகிறது. மணிலாவில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்வர்ட் வெடர் 1911இல், இபிகாக்கின் சாரமான எமெட்டின் சீதபேதிக் கிருமியைக் கொல்கிறது என்று காட்டினார். மறு ஆண்டு கல்கத்தாவில் அதை ஊசி மருந்தாக்கியவர் உப்பு நீர் ராஜர்ஸ்தான். இதே வெடர் தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். தவிட்டில் ஏதோ இருக்கிறது, கண்டுபிடி என்று தவிட்டுச் சாற்றை ராபர்ட் வில்லியம்ஸ் என்ற இளம் வேதியியலாளரிடம் கொடுத்தார். வில்லியம்ஸ் மதராஸ் மாகாணத்து நெல்லூரில் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். கால் நூற்றாண்டு விடாமல் முயன்று 1936இல் தயமினை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார். நெடுநாள் வாந்தியோடு வருபவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போட வேண்டும் என்பது இன்றைய விதி. குளுக்கோசை எரிக்க உடம்பு மிச்சமிருக்கும் தயமினையும் செலவழித்து, மூளையை அந்தத் தையற்காரப் பெண்ணின் நிலைக்குத் தள்ளிவிடும்.

இந்த விதி அதிகம் தேவைப்படுவது கர்ப்பிணிகளுக்கு. மசக்கை எல்லா வீட்டிலும் உண்டு. மாங்காய், எலுமிச்சை, சாம்பல் ருசி என்று சிரித்துக்கொண்டே கடந்துவிடுவோம். நூற்றில் ஒருவர், இருவருக்கு மட்டும் அது சிரிக்கிற விஷயமாக இருப்பதில்லை. தண்ணீர்கூடத் தங்காது, எடை விழும், கொழுப்பு எரிந்து மூச்சில் புளித்த பழ வாடை அடிக்கும். 'ஜேன் அயர்' எழுதிய ஷார்லட் பிராண்டி 1854இல் திருமணம் செய்து, 1855 மார்ச் 31இல் 38 வயதில் இறந்தார். சான்றிதழில் காசநோய் என்றிருக்கிறது. கர்ப்பமாக இருந்தார், ஓயாத குமட்டலாலும் வாந்தியாலும் உருக்குலைந்தார் என்பது அவரது வாழ்க்கையை எழுதிய எலிசபெத் கேஸ்கல் தரும் தகவல். மசக்கையின் இந்தக் கொடிய வடிவம்தான் அவரைக் கொன்றது என்று கருதும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1931 முதல் 1940 வரை பத்து லட்சம் பிரசவத்துக்கு 159 பெண்கள் கர்ப்ப கால வாந்தியால் இறந்தார்கள். 1951 முதல் 1960 வரை அது 3. ரத்தக்குழாயில் ஏறிய உப்பு நீரின் சாதனை அது. ஆனால் அதே இருபதாம் நூற்றாண்டில்தான், இந்தப் பெண்கள் மனத்தளவில் குழந்தையை வேண்டாமென்று தள்ளுகிறார்கள், அதனால் வாந்தி எடுக்கிறார்கள் என்று எழுதிய மருத்துவர்களும் இருந்தார்கள். சில மருத்துவமனைகளில் உறவினரைப் பார்க்க விடாமல் தனியறையில் வைத்தார்கள். வாந்திப் பாத்திரத்தைக்கூட எடுத்துவிட்டார்கள். அந்தப் பழியைத் துடைக்க 2023 டிசம்பர் வரை ஆயிற்று. மார்லீனா ஃபெய்சோ, ஸ்டீபன் ஒ'ராஹிலி குழுவினர் 'நேச்சர்' இதழில், கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைக் காரணமாகக் காட்டினார்கள். கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்கள் திடீர் ஏற்றத்தைத் தாங்க முடியாமல் தவிக்கிறார்கள். ஃபெய்சோவே 1999இல் இந்த வாந்தியால் கருவை இழந்தவர்.

தளபதியின் வேர் இதற்கிடையில் அமெரிக்கச் சமையலறைகளுக்குப் போயிருந்தது. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் உடனே கக்க வைக்க, 1965இல் இபிகாக் சிரப்பை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க அந்நாட்டு அரசு அனுமதித்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புட்டி இருக்கட்டும் என்று குழந்தை மருத்துவர் சங்கமும் சொன்னது. எடைக்கு அஞ்சி உண்ண மறுக்கும் நோயில் இருந்தவர்கள் சிலர் அதே புட்டியைத் தேடிப் போனார்கள். எமெட்டின் உடம்பில் சேர்ந்து தங்கி இதயத் தசையைத் தின்னும். பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983 பிப்ரவரி 4இல் 32 வயதில் இறந்தபோது, பிரேதப் பரிசோதனை அறிக்கை எமெட்டினால் இதயம் பழுதானதைக் குறிப்பிட்டது. அவருடைய குடும்பம் அதை ஏற்கவில்லை. இத்தகைய நோயாளிகளை முதலில் கண்டுபிடிப்பது பல நேரம் பல் மருத்துவர். மேல் முன்பற்களின் பின்புறம் மட்டும் அமிலத்தில் கரைந்திருக்கும்.

விஷம் குடித்த குழந்தைக்காவது புட்டி உதவியதா? சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை தெம்பு தருவதாக இல்லை. உடனே கொடுத்தாலும் எவ்வளவு விஷம் வெளியே வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறியது, பெரும்பகுதி உள்ளேயே தங்கியது. மயங்கிக்கொண்டிருக்கும் குழந்தை கக்கினால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து வேறு. 2003இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் தன் பழைய அறிவுரையைத் திரும்பப் பெற்றது. வீட்டில் வைத்திருக்கும் இபிகாக்கைப் பத்திரமாக அப்புறப்படுத்திவிடுங்கள் என்று பெற்றோருக்குச் சொன்னது. தளபதி வாசெனார் இறந்து அப்போது 280 ஆண்டுகள் ஆகியிருந்தன.